துரைமாரின் துப்பாக்கிப் படை: மலையகத்தில் இயங்கிய ஒரு சேமப்படையும் அதன் ஆணையமைப்பும்

1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4-ஆம் திகதி பிரித்தானியா ஜெர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தபோது, இலங்கையின் மலைநாட்டிலே ஒரு படை ஏற்கனவே இருந்தது. அதன் வீரர்கள் பாசறையில் வாழ்ந்தவரல்லர். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பங்களாக்களே அவர்தம் இருப்பிடம். விடியற்காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்புவதும், மாலையிற் கொழுந்து நிறுவையைப் பார்ப்பதும், மாத முடிவிற் சம்பளக் கணக்கைச் சரிபார்ப்பதுமே அவர்களின் அன்றாடத் தொழில். குறித்த நாட்களில் அவர்களே காக்கிச் சீருடை அணிந்து, துப்பாக்கி ஏந்தி, அணிவகுத்து நின்றனர். 'சிலோன் பிளான்டர்ஸ் றைபிள் கோர்' என்ற பெயரால் வழங்கிய இப்படையை இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை எனத் தமிழிற் கூறலாம்.

மலையக வரலாறு பற்றிய எழுத்துக்களிலே கங்காணி முறையும், துண்டு முறையும், லயன் வாழ்க்கையும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. துரையின் பங்களாவிலே மாட்டப்பட்டிருந்த துப்பாக்கியைப் பற்றியோ அத்துணை கவனம் செலுத்தப்படவில்லை. படை வரலாறு எழுதுவோர் தோட்டத்தை மறந்துவிடுகின்றனர். தோட்ட வரலாறு எழுதுவோர் படையை மறந்துவிடுகின்றனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே, ஒரே மனிதர் கூட்டம் இரண்டு சீருடைகளில் ஒரே ஆணையைப் பிறப்பித்து வந்தமை புலனாகும்.

இப்படையின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குச் செல்லவேண்டும். மலாயரைப் பெரும்பான்மையாகக் கொண்டிருந்த பழைய இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவு 1870-களின் முற்பகுதியிற் கலைக்கப்பட்டது. உள்நாட்டிலே சம்பளப் படை வைத்திருப்பது குடியேற்ற நாட்டு அரசுக்குச் செலவு மிகுந்த காரியமாகத் தோன்றியது. எனினும் பிரித்தானிய நிரந்தரப் படையின் சிறு பிரிவொன்றை மட்டும் நம்பி நாட்டை ஆளவும் இயலாது. இதற்குக் கண்ட வழியே தொண்டர் படை. 1881-இல் இலங்கை இலகு காலாட் தொண்டர் படை உருவாயிற்று. அதனைத் தொடர்ந்து பீரங்கிப் பிரிவும் குதிரைப்படைப் பிரிவும் தோன்றின. 1900-இல், தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு தோட்டத்துரைமாரின் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே அதிற் சேரலாம். தேயிலைத் தோட்டங்களிலும் பின்னர் இறப்பர்த் தோட்டங்களிலும் பணியாற்றிய துரைமாரும் சின்னத்துரைமாருமே அதன் உறுப்பினர். 1902-இல் அதன் அணியொன்று தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. அப்போரிற் சிறைப்பிடிக்கப்பட்ட போயர்கள் ஐயாயிரம் பேரளவில் தியத்தலாவை முகாமிலே காவலில் வைக்கப்பட்டிருந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. பின்னாளிலே தொண்டர்களின் பயிற்சிக் களமாகவும் தியத்தலாவையே விளங்கிற்று.

1910-இல் தொண்டர் படைகள் யாவும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. தேசாதிபதி நாட்டின் தலைமைத் தளபதி எனப் பெயர்பெற்றிருந்தார். படைகளின் நடைமுறைத் தலைமை பிரித்தானிய நிரந்தரப் படையைச் சார்ந்த அதிகாரியிடம் இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தொண்டர்களிலிருந்தே தெரிவுசெய்யப்பட்ட கட்டளை அதிகாரி ஒருவர். அவருக்குத் துணையாகப் பயிற்சியையும் ஒழுங்கையும் கவனிக்கும் நிரந்தரப் படை அதிகாரி ஒருவர் அமர்த்தப்படுவது பிரித்தானியத் தொண்டர் படைகளின் பொது வழக்கு. இந்த ஏற்பாட்டிலே ஒரு நுட்பம் உண்டு. தொண்டர் படையின் கட்டளை அதிகாரி தம் சமூகத்தாரின் நம்பிக்கையைப் பெற்றவராயிருப்பார். ஆனால் படையைப் போருக்கு ஏற்ற கருவியாக வைத்திருப்பவர் வெளியிலிருந்து வந்த தொழில்முறைப் படைஞரே.

அதே காலத்து ஜெர்மனியின் சேமப்படையோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. ஜெர்மனியிலே கட்டாயப் படைச்சேவை நிலவிற்று. காலாட்படையிற் சேர்ந்த இளைஞன் இரண்டாண்டுகள் சேவை புரிந்து வீடு திரும்புவான். அதன்பின் சில ஆண்டுகள் சேமப்படைப் பட்டியலில் அவன் பெயர் இருக்கும். போர் மூண்டதும் அவன் அழைக்கப்படுவான். 1914-இல் இவ்வாறு அழைக்கப்பட்டவர்களைக் கொண்டு ஜெர்மானியர் சேமக் 'கோர்'களை அமைத்தனர். கோர் எனப்படுவது இரண்டு டிவிஷன்களைக் கொண்ட பெரும்படை. நிரந்தரக் கோர் ஒன்றுக்கு 160 பீரங்கிகள் இருந்தபோது, சேமக் கோர் ஒன்றுக்கு ஏறத்தாழ 72 பீரங்கிகளே வழங்கப்பட்டன. இத்தகைய குறைபாடுகளைக் கருத்திற்கொண்டு, சேமப்படைகள் முன்னணிக்கு வரமாட்டா எனப் பிரெஞ்சுத் தளபதிகள் கணித்தனர். அக்கணிப்புப் பிழைத்தது. தொடக்க நாட்களிலேயே அவை முன்னணியில் நின்றன. 1914 செப்டெம்பர் 5-ஆம் திகதி, ஜெனரல் ஹான்ஸ் வொன் குரோனோவின் தலைமையிலிருந்த 4-ஆம் சேமக் கோர் ஊர்க் ஆற்றங்கரையிலே பிரெஞ்சு 6-ஆம் படையோடு மோதியபோதுதான் மார்ன் சமர் உண்மையில் தொடங்கிற்று.

இலங்கைத் துரைமாரின் படையும் பெயரளவிற் 'கோர்'தான். ஆனால் ஜெர்மானியக் கோர் பல்லாயிரம் பேரைக் கொண்டது. இதுவோ சில நூறு பேரைக் கொண்டது. எண்ணிக்கையைவிட முக்கியமான வேறுபாடு ஆட்சேர்ப்பிலே உளது. ஜெர்மானியச் சேமப்படையில் உழவனும், சுரங்கத் தொழிலாளியும், பள்ளி ஆசிரியனும் அருகருகே நின்றனர். அங்கும் வர்க்கப் பாகுபாடு இல்லாமலில்லை. உயர்கல்வி பெற்ற வசதியுள்ள இளைஞர் தம் செலவில் ஓராண்டு மட்டும் சேவை செய்து, சேமப்படை அதிகாரிகளாகும் சலுகையைப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்கள் ஆணையிடுவதற்குக் கீழே ஒரு மக்கட்படை இருந்தது. மலைநாட்டுத் துரைமார் படையிலே கீழ்த்தட்டு என்று ஒன்றில்லை. சிப்பாயும் துரை, சார்ஜன்டும் துரை, கேணலும் துரை. ஒரு நாட்டின் மேல்தட்டை மட்டும் நறுக்கியெடுத்துச் செய்த படை இது.

அவ்வாறாயின் இப்படையின் கீழ்த்தட்டு எங்கே இருந்தது? அது தோட்டத்திலே இருந்தது.

தோட்டத்தின் ஆணையமைப்பை நோக்குவோர்க்கு இது தெளிவாகும். உச்சியிலே பெரியதுரை; அவருக்குக் கீழே சின்னத்துரை; தொழில் பழக வந்த இளைஞனுக்குக் 'கிரீப்பர்' என்று பெயர். அதன்கீழ்க் கண்டக்டர், கணக்கப்பிள்ளை முதலிய உத்தியோகத்தர். பின்னர் பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணிமார். அடியிலே கொழுந்து பறிக்கும் பெண்களும், முள்ளுக் குத்தும், கான் வெட்டும், கவ்வாத்து வெட்டும் ஆண்களும், புல்லுப் பிடுங்கும் சிறுவரும். ஆணை மேலிருந்து கீழே ஒரே வழியால் இறங்கிவரும். தொழிலாளி நேரே துரையிடம் முறையிடுதல் வழக்கமன்று. கங்காணி மூலமாகவே முறையீடு மேலே செல்லவேண்டும். கங்காணி தன் ஆட்களின் தலைக்கு இவ்வளவென்று தலைக்காசு பெற்றவனாதலால் அம்முறையீடு எவ்வளவு தூரம் மேலே சென்றிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. அதிகாலையிலே தப்பொலி கேட்டதும் தொழிலாளர் கூடி நிற்கும் இடம் பெரட்டுக்களம். அந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே மலையகத் தமிழர் நாவிலே பெரட்டு ஆயிற்று. தொழிலாளர் வாழ்ந்த நீண்ட குடியிருப்பு வரிசைக்கு லயன் அல்லது லயம் என்று பெயர். அதுவும் சிப்பாய்களின் வரிசைக் குடில்களைக் குறிக்கப் பிரித்தானியப் படையிலே வழங்கிய 'லைன்ஸ்' என்ற சொல்லே. கவாத்து என்னும் சொல் தமிழிலே படைப்பயிற்சியையும் குறிக்கும், செடியின் கிளை நறுக்குதலையும் குறிக்கும்; தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவன் படைக் கவாத்தைக் கண்டதில்லை என்பது வேறு விடயம். இச்சொற்கள் யாவும் துரைமார் படை உருவாவதற்கு முன்னரே கோப்பிக் காலத்திலிருந்து வழங்கியிருக்கக்கூடும். ஆகவே படையிலிருந்து இவை தோட்டத்துக்கு வந்தன எனக் கூறுதல் பொருந்தாது. தோட்டம் தொடக்கத்திலிருந்தே படைமுறையில் அமைந்திருந்தது என்பதும், 1900-இல் அமைக்கப்பட்ட படை அந்த ஒழுங்குக்கு வெளிப்படையான சீருடையை அணிவித்தது என்பதுமே பொருந்தும்.

சட்டமும் அவ்வாறே இருந்தது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க எசமானர் வேலைக்காரர் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி ஆவான், அவனைச் சிறையிலிடலாம். ஒப்பந்தத்தை மீறியவன்மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடுப்பதே குடியியல் முறை. தப்பியோடியவனைப் பிடித்துத் தண்டிப்பது படைமுறை. பற்றிலே கங்காணியின் கடன் குறிக்கப்பட்ட துண்டு இல்லாமல் வேறு தோட்டத்திற் சேரவும் இயலாது. 1920-களின் தொடக்கத்திலேதான் துண்டு முறையும் சிறைத்தண்டனையும் நீக்கப்பட்டன. அதற்கு முன்னர் இரண்டு தலைமுறைகள் இவ்வொழுங்கிலே வாழ்ந்து முடிந்துவிட்டன. 1911-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது இலங்கையில் இருந்த இந்தியத் தமிழர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஐரோப்பியரோ எண்ணாயிரத்துக்கும் குறைந்தோர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை நிரப்புவதற்கே கங்காணி, சட்டம், துப்பாக்கி ஆகிய மூன்றும் தேவைப்பட்டன.

படைக்குள்ளேயோ நிலைமை வேடிக்கையானது. அதிகாரிப் பதவிகள் சிலவே. ஏனையோர் சிப்பாய்களாகவே இருந்தாகவேண்டும். அதனால் தோட்டத்திலே ஆயிரம் பேரை ஆண்ட பெரியதுரை ஒருவர் அணிவகுப்பிலே சாதாரணச் சிப்பாயாகத் தம்மைவிட இளையவர் ஒருவரின் கட்டளைக்குக் கால்மாற்றி நடக்க நேரும். திங்கட்கிழமை காலையில் அவர் மீண்டும் துரை. இந்தத் தற்காலிகத் தாழ்வை அவர்கள் விளையாட்டாகவே ஏற்றனர். தோட்டக் கழகங்களின் ரக்பி, கிரிக்கெட் ஆட்டங்களைப் போன்று படையும் அவர்களை ஒன்றாகப் பிணைத்தது. தனித்தனி மலைகளிலே தனித்து வாழ்ந்த மனிதரை ஒரே சமூகமாக்கியதில், 1854-இல் கண்டியிலே தோன்றிய தோட்டத்துரைமார் சங்கத்துக்கு அடுத்தபடி இப்படைக்கே பங்கு உண்டு எனலாம்.

1914-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே மேஜர் ஜே. ஹால் பிரவுனின் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 ஏனைய தரத்தினருமாக 237 பேர் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறினர். முதலிலே சுயெஸ் கால்வாயின் காவல் அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் அவுஸ்திரேலிய நியூசிலாந்துப் படைக் கோருடன் அவர்கள் இணைக்கப்பட்டனர். 1915 ஏப்ரல் 25-ஆம் திகதி கலிப்பொலித் தரையிறக்கம் நிகழ்ந்தது. அக்கோரின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் வில்லியம் பேர்ட்வூட்டின் தலைமையகத்துக்குக் காவலாக நின்றோர் மலைநாட்டுத் துரைமாரே. எதிர்ப்புறத்திலே துருக்கியரின் 5-ஆம் படைக்குத் தலைமை தாங்கியவர் லிமான் வொன் சாண்டர்ஸ் என்னும் ஜெர்மானியர். ஜெர்மானியரோடு போரிடவெனப் புறப்பட்ட டிக்கோயாத் துரை, ஜெர்மானியத் தளபதியின்கீழ் நின்ற அனத்தோலிய உழவனின் குண்டுக்கு முன்னே நின்றான். போர்களின் போக்கு இத்தகையது.

இங்கே கவனிக்கவேண்டியது, இப்படை ஒரே அணியாக நின்று போரை முடிக்கவில்லை என்பதே. அதன் உறுப்பினர் பலர் பிரித்தானிய, இந்தியப் படைப்பிரிவுகளில் அதிகாரிப் பதவி பெற்றுப் பிரிந்து சென்றனர். ஏனெனில் போர் நீண்டபோது பிரித்தானியாவுக்குச் சிப்பாய்களைவிட விரைவாகத் தீர்ந்துபோனோர் இளநிலை அதிகாரிகள். ஆணையிட்டுப் பழகியவரையே அவ்விடங்களுக்கு அது தேடிற்று. ஆணையிடும் பழக்கத்தைத் துரைமார் எங்கே கற்றனர்? பெரட்டுக்களத்திலே கற்றனர். அக்காலத்துப் பிரித்தானிய மனப்பாங்கின்படி, தமிழ்த் தொழிலாளர் ஐந்நூறு பேரை நடத்தத் தெரிந்தவனுக்கு ஒரு பிளட்டூனை நடத்துதல் அரிதன்று. போர் முடிந்தபோது இப்படையைச் சார்ந்தோரில் 80 பேர் இறந்தும் 99 பேர் காயமுற்றும் இருந்தனர். சிறிய படையொன்றுக்கு இது பேரிழப்பே; அதனைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. அவர்கள் சென்றபின்னும் மலையிலே பெரட்டு நின்றுவிடவில்லை. கொழுந்து பறிக்கப்பட்டது, தேயிலைப் பெட்டிகள் ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. அப்பெட்டிகளை நிரப்பிய கைகளின் கணக்குச் செக்றோலிலே மட்டும் உண்டு.

துரைமார் துருக்கியிலே நின்ற அதே 1915-இல் இலங்கையிலே வேறொரு காட்சி அரங்கேறிற்று. மே மாத இறுதியிற் கண்டியிலே தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் மேற்கு, மத்திய பகுதிகளுக்குப் பரவிற்று. தேசாதிபதி ரொபர்ட் சால்மர்ஸ் ஜூன் 2-ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சமூகக் கலவரமொன்றை அரசுக்கெதிரான சதியாக அவர் கண்டார். பிரிகேடியர் ஜெனரல் மல்கமின் தலைமையில் பஞ்சாபியப் படையினரும், இலங்கையிலே எஞ்சியிருந்த ஐரோப்பியத் தொண்டரும் இறக்கப்பட்டனர். தோட்டத்துரைமாரிற் சிலரும் ஆயுதமேந்தி ஊர்களுக்குள் நுழைந்தனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உளர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இக்கொடுமைகளைச் சட்டசபையிலே எடுத்துரைத்து, இலண்டன் சென்று முறையிட்டு, 1916-இல் இதுபற்றி ஆங்கில நூலொன்றும் வெளியிட்டார்.

ஆணையமைப்பை ஆராய்வோர்க்கு இங்கே இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தல் போதும். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற சிங்கள இளைஞர், இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு 1915 ஜூலை 7-ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், இராணுவச் சட்டக் காலத்திலே நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயல்களுக்கு எவர்மீதும் வழக்குத் தொடுத்தலாகாது எனப் பாதுகாப்பளிக்கும் கட்டளை பிறந்தது. பேதிரிசும் தொண்டர் படை அதிகாரியே. கேகாலைப் பக்கத்திலே துப்பாக்கியோடு சென்ற துரையும் தொண்டரே. ஒருவருக்கு மரணம், மற்றவருக்குச் சட்டப் பாதுகாப்பு. சேமப்படை யாருடைய சேமத்துக்கு என்ற வினாவுக்கு 1915 அளித்த விடை இது. மலையகத் தொழிலாளர் இக்கலவரத்திற் பங்குபற்றியவரல்லர். ஆனால் தம் துரை துப்பாக்கியோடு புறப்பட்டுப் போனதையும், திரும்பி வந்து மறுநாட் காலை பெரட்டுக்களத்திலே நின்றதையும் அவர்கள் கண்டிருப்பர். கண்டவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

இரு போர்களுக்கிடைப்பட்ட காலத்திலே பெரட்டின் ஒழுங்குக்கு எதிரான முதற் குரல்கள் எழுந்தன. கோ. நடேசையர் 1931-இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறற் குற்றம். ஆகவே புடைவை வியாபாரியின் வேடத்திலே அவர் தோட்டங்களுக்குட் புகுந்தார் என்பர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாடல்களாலே தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1937-இல், மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்திலே கிரீப்பராக இருந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து தொழிலாளர் கூட்டத்திற் பேசியபோது துரைமார் சமூகம் அதிர்ச்சியடைந்தது. தேசாதிபதி அவரை நாடு கடத்த ஆணையிட்டார்; உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. நடேசையர் வெளியிலிருந்து வந்தவர். பிரேஸ்கேர்டிலோ அணியிலிருந்து விலகிய வெள்ளைச் சிப்பாய் போன்றவர். அவர்மீது அத்தனை சினம் எழுந்ததன் காரணம் இதுவே.

1939-இல் மீண்டும் போர் மூண்டது. அதே ஆண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியிருந்தது. 1940 ஜனவரி 10-ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது பொலிஸ், தோட்டத்துரைமார் படையன்று. இவ்வேறுபாட்டை மயக்குதல் வரலாறாகாது. போர்க்காலத்திலே துரைமார் படையின் பிரதான பணி வேறாயிருந்தது. முன்னைய போரைப் போலவே அது அதிகாரிகளை உருவாக்கும் நாற்றுமேடை ஆயிற்று. அதன் இளைஞர் இந்தியாவிலுள்ள அதிகாரிப் பயிற்சிப் பள்ளிகளுக்குச் சென்று பிரித்தானிய, இந்தியப் படைகளிலே அமர்ந்தனர். ஆனால் முல்லோயாவின் பொருள் பொலிசோடு முடிவதன்று. தொழிலாளி கூலி கேட்டபோது விடையாக வந்தது துப்பாக்கி வேட்டு. அவ்விடையைச் சொல்வதற்குத் துரை தாமே துப்பாக்கி எடுக்கவேண்டிய தேவை 1940-இல் இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூனிலே என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய சமசமாஜத் தலைவர்கள் கைதாகினர்.

1942 மார்ச்சிலே இலங்கையின் ஆணையமைப்பே மாற்றமடைந்தது. அட்மிரல் ஜெப்ரி லேய்ட்டன் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டு, தேசாதிபதி அன்ட்ரூ கோல்டிகொட்டுக்கு மேலான அதிகாரத்தைப் பெற்றார். ஏப்ரல் 5-ஆம் திகதி கொழும்பிலும் 9-ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மே மாதத்திலே கொக்கோஸ் தீவிலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையின் சிங்கள, பறங்கிய வீரர் சிலர் தம் பிரித்தானியக் கட்டளை அதிகாரிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களில் மூவர் கிரேஷன் பெர்னாண்டோவின் பெயர் முதலாக அவ்வாண்டு ஆகஸ்டிலே வெலிக்கடையிற் தூக்கிலிடப்பட்டனர். ஒரே பாதுகாப்புப் படையின் இரண்டு பிரிவுகள்: ஒன்றிலிருந்தோர் அதிகாரிப் பதவிக்கு ஏறினர், மற்றதிலிருந்தோர் ஐரோப்பிய அதிகாரியின்கீழே சிப்பாயாகவே இருந்தனர். கிளர்ச்சி எப்பிரிவிலே தோன்றிற்று என்பது வியப்புக்குரியதன்று.

போர் முடிந்தது, 1948 பெப்ரவரி 4-ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஐரோப்பியருக்கு மட்டுமே உரிய படையொன்று சுதந்திர நாட்டிலே நிலைக்க இயலாது. 1949-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு ஒக்டோபர் 10-ஆம் திகதி இலங்கை இராணுவம் உருவானது. அதன் முதற் தளபதி பிரிகேடியர் ஜேம்ஸ் சிங்கிளயர், கெய்த்னஸ் பிரபு, பிரித்தானியரே. அதே 1949-இல் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டது. துரைமார் மட்டும் உடனே போய்விடவில்லை. ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் 1975-இல் அரசுடைமையாகும்வரை அவர்களிற் பலர் பங்களாக்களிலே தொடர்ந்து இருந்தனர்.

படை கலைந்த அதே காலத்திலேதான் பெரட்டுக்களத்தின் மறுபக்கத்திலே நின்றவர்களும் ஒரு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றிருந்தது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா ஆகிய தொகுதிகள் அவற்றுள் அடங்கும். தலவாக்கலையின் பிரதிநிதி எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. துரையின் படைக்குச் செக்றோலிலே பெயர் எழுதத் தேவையில்லாதிருந்தோர், இப்போது வாக்காளர் இடாப்பிலும் பெயரற்றோராயினர். 1952 ஏப்ரலிலே காங்கிரஸ் கொழும்பிற் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிற்று. அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலிலே மலைநாட்டுத் தொகுதி எதிலிருந்தும் அதன் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை.